வலது முன், இடது பின்

ஏப்ரல் 3

வலி: 8.

பிசியோதெரபி அக்கா தினமும் வலிக்கு மார்க் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். பத்துக்கு எத்தனை என்று. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் பத்துக்கு எட்டு போட்டதில்லை. கூடவே அன்றைக்கு என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். படுத்திருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். ஜீப் கீழ் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஒரு குறுக்குப்பாதை உண்டு. கொழுந்து மூட்டையோடு அம்மாவும் மற்றவர்களும் இருபது வருடமாக நடந்த பாதை. இப்போது அதில் நான் கைடாக வேலை பார்க்கும் சைக்கிள் கேம்ப்காரர்கள் சங்கிலி போட்டு, 'சைக்கிள்களுக்கு மட்டும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையை மண்வெட்டியால் செதுக்கி வளைவுகளுக்கு மண் ஏற்றிய ஆறு பேரில் நானும் ஒருத்தி. அந்த வழியில் விடாததால் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து லைன்காரர்கள் நான்கு பேர் தூக்கி, தேயிலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தேன்.

அம்மா பின்னாலேயே எக்ஸ்ரே கவரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். தூறல். எக்ஸ்ரே நனையக் கூடாதாம். நான் நனையலாம்.

ஏப்ரல் 5

வலி: 8.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "எந்தக் கையப் புடிச்சே?"

விழுந்தது மார்ச் 9. கேம்ப்புக்கு வெளிநாட்டிலிருந்து பத்துப் பழைய வண்டிகள் வந்து இறங்கியிருந்தன. பழையது என்றாலும் எங்களுக்குப் புதிது. முன்னால் இரண்டு பக்கமும் தடித்த ஷாக் அப்சார்பர், பெரிய டிஸ்க் பிரேக். கேம்ப் முதலாளி நகுல் சார் அவருடைய விருந்தாளிகளை நிற்கவைத்துக்கொண்டு, "நிரோஷா, ஒரு ரன் போய்க் காட்டு" என்றார். ஏறினேன். ஒரு சோதனை ஓட்டம்கூட இல்லை. கற்பூரமரத்து வளைவுக்கு மேலே இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கப் பிரேக் பிடித்தேன். அப்புறம் ஹேண்டில்பாருக்கு மேலே வானம் தெரிந்தது.

முதுகெலும்பில், இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் இரும்புப் பட்டை வைத்த பெல்ட், சைக்கிள் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

கேம்ப் சொல்வது: நிரோஷா பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். எல்லா வண்டியிலும் வலது கைதான் முன் பிரேக், இடது கை பின் பிரேக். மொபெட்டிலும் அப்படித்தான், எங்கள் லைனில் பிள்ளைகள் ஓட்டும் ஓட்டை சைக்கிளிலும் அப்படித்தான். செங்குத்து இறக்கத்தில் வலது கையை அழுத்தினால் முன் சக்கரம் நின்று ஆளைத் தூக்கிப் போடும். அது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் பிடித்தது இடது கை. எனக்குத் தெரியும். ஆனால் விழுந்த விதம் வலது கையைப் பிடித்த விதம். அதனால் நான் எதைச் சொன்னாலும் பொய் மாதிரி இருக்கிறது.

"அதிர்ச்சியில மறந்து போயிருக்கும் புள்ள" என்றாள் அடுத்த வீட்டு மரியபுஷ்பம் அக்கா. எனக்கு இருபத்துமூன்று வயது. மாநில சைக்கிள் போட்டியில் இரண்டாம் இடம். என் கை எதைப் பிடித்தது என்று மரியபுஷ்பம் அக்காவுக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 9

வலி: 7. மழை. சங்கிலிப் பாதையில் சைக்கிள் போகும் சத்தம் மூன்று தடவை கேட்டது.

ஏப்ரல் 12

வலி: 6.

பஜாரில் என் படத்தோடு பெரிய பேனர் கட்டியிருக்கிறார்களாம். மரியபுஷ்பம் அக்கா போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். போன வருட ரேஸில் எடுத்த படம். முகம் முழுக்கச் சேறு. கீழே, 'வீழ்ந்தாள்! எழுந்தாள்! மலைமகள் மீண்டும் வருகிறாள், மே 18.' என்னைக் கேட்கவில்லை. எழுந்து கக்கூஸுக்குப் போவதற்கே அம்மாவைப் பிடித்துக்கொள்கிறேன்.

மாலையில் நகுல் சார் போன் செய்தார். "நிரோஷா, நீ எனக்கு ஃபேமிலி மாதிரி. உன்ன நான் விட்ருவேனா?" என்று ஆரம்பித்தார். விஷயம் இதுதான். நான் விழுந்த வீடியோ பரவி, கோடை சீசனுக்குப் புக் செய்தவர்கள் பாதிப்பேர் ரத்து செய்துவிட்டார்கள். மே 18 சைக்கிள் பாதைக்குப் பெரிய திறப்பு விழா. அன்றைக்கு, அதே வண்டியில், அதே பாதையில் நான் இறங்கிக் காட்டினால் வண்டி மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் புரியும். "அதுக்கப்புறம் நீதான் ஹெட் கைடு. எழுதியே தர்றேன்."

"இறங்கலைன்னா சார்?"

"ஏன் நெகட்டிவா பேசற?"

பதில் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைக்கவில்லை. "ஃபேக்டரியில எல பொறுக்குற வேல கேட்டுருக்கேன். உக்காந்தே செய்யலாம். சூப்பர்வைசர் சரின்னுட்டாரு" என்றாள்.

அந்த ஷெட்டில் பத்து மணி நேரம் உட்கார்ந்து காம்பு பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே வரும்போது எல்லோரும் கொழுந்துத் தூசியின் நிறத்தில் இருப்பார்கள். அம்மா ராத்திரி சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள், மாடு மரத்தில் தேய்ப்பது மாதிரி. அந்த முதுகுக்கு யாரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை. அந்த முதுகை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

ஏப்ரல் 16

வலி: 6.

எட்வின் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். கேம்ப் மெக்கானிக். எனக்குப் பஞ்சர் ஒட்டுவதிலிருந்து ஷாக் பிரிப்பது வரை சொல்லிக்கொடுத்தவர். கூடவே ஒரு ஸ்டாண்டும் கொண்டுவந்தார். பின் சக்கரத்தை அதன் உருளை மேல் ஏற்றிப் பூட்டிவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். பின் சக்கரம் மட்டும் சுற்றும். முன் சக்கரம் சும்மா தரையில் நிற்கும்.

நான் விழுந்த அதே வண்டி, இத்தனை நாள் யாரும் தொடாமல் கேம்ப் மூலையில் கிடந்ததாம். கோணிய முன் சக்கரத்தை மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி விழுந்தபோது ஒட்டிய மண்கூடப் போகவில்லை. ஹேண்டில்பார் ரப்பரில் என் கையுறையின் நூல் ஒன்று சிக்கியிருந்தது.

"கொஞ்சங் கொஞ்சமா மிதி ரோஷா. வலிச்சா எறங்கிரு" என்றார்.

"ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நான்தானே விழுந்தேன்?"

சிரிக்கவில்லை. அண்ணிக்கு இது எட்டாவது மாதம், தூக்கமில்லை என்றார். டீ குடிக்காமல் போய்விட்டார். அம்மா போட்ட டீயை ஒருநாளும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 18

வலி: 5. பத்து நிமிடம் மிதித்தேன், பெல்ட்டோடு. முள் டயர் உருளையில் ஓடுகிற சத்தத்தில் தட்டுகள் ஆடுகின்றன. "மாவு மெஷினு வச்சிட்டியாடி?" என்று மரியபுஷ்பம் அக்கா சுவரைத் தட்டினாள்.

டாக்டர் சைக்கிள் பக்கம் போகக் கூடாது என்றார். இது எங்கேயும் போகவில்லை. நிற்கிறது.

ஏப்ரல் 22

இன்றைக்கு வலி எத்தனை என்று பார்க்கத் தோன்றவில்லை.

அரைமணி நேரம் மிதித்தேன். முடித்தபோது பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு, யோசிக்காமல், இடது கையைப் பிடித்தேன். பின் பிரேக். நிற்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. பிரேக் ஆயில் ஒழுகிவிட்டது போல என்று நினைத்து வலது கையைத் தொட்டேன்.

சட்டென்று நின்றது.

இறங்கி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிவிட்டு, இடது பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் கல் மாதிரி நின்றது. மறுபடி செய்தேன். மறுபடியும். குனிந்து குனிந்து செய்ததில் முதுகில் ஏதோ நறுக்கென்றது. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

இந்த வண்டியில் இடதுதான் முன், வலதுதான் பின். அந்த நாட்டில் அப்படித்தான் செய்வார்களாம், போனில் தேடிப் பார்த்தேன். இங்கே கொண்டுவந்து ஓட்டினால் மாற்றிப் பூட்ட வேண்டும். யாரும் மாற்றவில்லை. யாரும் சொல்லவில்லை. விருந்தாளிகள் முன்னால் ஏற்றி விட்டார்கள்.

நான் பிடித்தது இடது கை. சரியான கை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாகக் கேம்ப் வாசலில் போய் நின்று கத்துவாள். பேனரில் என் படம் இருக்காது, ஹெட் கைடு இருக்காது, எல பொறுக்குகிற ஷெட் இருக்கும். மே 18க்கு அப்புறம் சொல்கிறேன். இறங்கி, கீழே போய் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, எல்லா விருந்தாளிகள் முன்னாலும் சொல்கிறேன். ஜெயித்தவள் சொன்னால் காதில் விழும். படுத்துக்கிடக்கிறவள் சொன்னால் புலம்பல்.

ஏப்ரல் 25

வலி: 4.

அதே வண்டியில்தான் இறங்க வேண்டும் என்றால், வண்டி சொல்வதைக் கை கேட்க வேண்டும். இடது முன், வலது பின். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிறேன். 'வளைவு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வலதைப் பிடிக்கிறேன். சாப்பிடும்போதும் கை தானாக மடங்குகிறது. "என்னடி, கைய ஏன் மூடி மூடித் தொறக்கற?" என்றாள் அம்மா. பயிற்சி என்றேன்.

ஏப்ரல் 29

வலி: 3!

கடைக்கு நடந்தே போனேன். திரும்பும்போது ஒரு பெண்பிள்ளை பின்னால் ஓடிவந்தாள். "அக்கா, செருப்பு." வலது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. நான் பாட்டுக்கு வெறுங்காலில் ஜல்லியில் நடந்து வந்திருக்கிறேன். பழைய செருப்பு, வார் தளர்ந்துவிட்டது. பின் குத்திக்கொண்டேன்.

மே 2

வலி: 2.

வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சுடலையாடி?"

"சுட்டுச்சு. தூக்கத்துல எடுக்கத் தோணல."

"ராத்திரி நான் மூடி சரியா போடல. அந்தத் தண்ணி கைல பட்டு நானே கத்துனேன்."

"மாத்திரை போட்டுருந்தேன்மா. விடேன்."

மாத்திரை போடுவதை நிறுத்தி ஒரு வாரமாகிறது. வலி இல்லாதபோது எதற்கு மாத்திரை?

மே 6

ஆஸ்பத்திரி. மறுபரிசோதனை. அம்மாவும் வந்தாள், ஆனால் டாக்டர் அறைக்குள் நான் மட்டும் போனேன். இந்தத் தடவை வேறு டாக்டர், என் வயதுதான் இருக்கும், கண் தூக்கத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தது. வலி எத்தனை என்றார். இரண்டு என்றேன், பெருமையாக. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. சாவியால் என் பாதத்தில் கோடு இழுத்தார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப எந்த விரலத் தொடறேன்?"

"நடுவிரல்."

சாவியை மறுபடி இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். "தூக்குங்க" என்றார் மறுபடி.

அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "யூரின் வர்றது, போறது தெரியுதா? அடக்க முடியுதா?" என்று கேட்டார். இதையெல்லாம் ஒரு பெண்ணிடம் கேட்கிற விதமா? எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"சைக்கிள் சீட்ல உக்கார்ற எடம் இருக்கில்ல? அந்த எடம் மரத்துப்போனா அன்னைக்கே வரணும். நாளைக்குன்னு நெனைக்கக் கூடாது. ராத்திரியா இருந்தாலும் வரணும். புரியுதா?"

புரிந்தது என்றேன். எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார். அவசரம் என்று சிவப்பில் கோடு போட்டார். கீழே கவுன்ட்டரில் அவசரத்துக்குக் கொடுத்த தேதி மே 18, மதியம் இரண்டு மணி. மெஷின் ஒன்றுதான், நானூறு பேர் என்றாள் கவுன்ட்டர் பெண். நகுல் சாருக்குக் கணுக்கால் பிசகியபோது ஒரே நாளில் மூன்று ஸ்கேன் எடுத்தார், வேறு இடத்தில்.

மே 18. இதைவிட வேறு தேதி கிடைக்கவில்லையா இவர்களுக்கு? யோசித்துப் பார்த்தால் மோசமில்லை. விழா ஒன்பது மணிக்கு. நான்தான் முதல் ஆள். இறங்க ஆறு நிமிடம். பத்தரை பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு மணிக்கு முன்னாலேயே கோயம்புத்தூர் போய்விடலாம். இரண்டும் நடக்கும்.

மே 9

வலி: 1.

எட்வின் அண்ணன் ஷாக்குக்குக் காற்றடிக்க வந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மற்ற ஒன்பது வண்டியிலும் பதினெட்டாம் தேதி சனம் ஏறப்போகிறது. மொபெட் ஓட்டிப் பழகிய சனம்.

"அண்ணே, மத்த வண்டியிலெல்லாம் பிரேக் மாத்திட்டீங்களா?"

பம்ப்பைப் பிடித்திருந்த கை நின்றது. "அதெல்லாம் அப்பவே மாத்தியாச்சு ரோஷா."

"எப்பவே?"

பம்ப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நான் விழுந்த மறுநாளா? அன்னைக்கு ராத்திரியேவா?"

"ஆயில் கேட்டிருந்தேன்மா. பிரேக் மாத்தினா ஆயில் ஊத்திக் காத்து எடுக்கணும். வரல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாரு சாரு. நீ ஏறப்போறேன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. நான் டவுன்ல இருந்தேன்."

"அப்புறம் எல்லாரும் என்கிட்ட வந்து எந்தக் கையப் புடிச்சேன்னு கேட்டப்ப எங்கண்ணே இருந்தீங்க?"

"எனக்கு இப்ப வேல போச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

செயின் சத்தம் போடுகிறது, கேம்ப்பில் வைத்துப் பார்க்கணும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். செயின் சத்தம் போடவில்லை.

மே 11

வலி: 1. வண்டி வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து கையை மட்டும் பழக்கினேன். இடது முன், வலது பின். இப்போது கை யோசிப்பதில்லை. நல்லது.

மே 14

நகுல் சார் வந்தார். ஜீப்பில் என் வண்டி, ஒரு பழக்கூடை, ஒரு போட்டோகிராபர். சங்கிலியைக் கழற்றிவிட்டு எங்கள் பாதையிலேயே ஜீப்பை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எட்வின் அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியோடு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். கொழுந்துப் பையோடு நின்றால் நன்றாக இருக்கும் என்றான் போட்டோகிராபர். "பைய ஃபேக்டரியில போட்டுட்டேன். வேணும்னா போய் அதையே படம் புடிச்சுக்கங்க" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

"சார், இந்த வண்டியில பிரேக் மாறியிருந்துச்சு" என்றேன். சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தது, அந்தப் பழக்கூடையைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"எது மாறியிருந்துச்சு?"

"இடதுதான் முன். அதனாலதான் விழுந்தேன்."

அவர் கோபப்படவில்லை. போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்தார். "வா, பாத்துரலாம்" என்று வண்டியின் பின்புறத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "புடி" என்றார். வலது கையைப் பிடித்தேன், இத்தனை நாள் பழகியபடி. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இப்ப அந்தக் கை" என்றார். இடது. நின்றது.

"சரியாத்தானேம்மா இருக்கு?" என்றார். குழந்தையிடம் பேசுகிற குரல். "அடிபட்டா இப்படித்தான் மனசு எதையாவது கற்பனை பண்ணும். உன் மேல தப்பு இருந்தாலும் நான் அத எங்கயாவது சொன்னேனா? மறந்துருவோம்."

ஜீப்பைப் பார்த்தேன். எட்வின் அண்ணன் டாஷ்போர்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிரேக் குழாய் இரண்டும் புதிதாகத் துடைத்திருந்தது. அந்த மண் இல்லை. என் கையுறையின் நூலும் இல்லை.

மே 15

வலி: 0.

பூஜ்ஜியம். பிசியோ அக்கா பார்த்தால் கைதட்டுவார்.

இப்போது வலது முன், இடது பின். பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். ஆனால் மூன்று வாரமாக அதைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்திருக்கிறேன். இன்று ஸ்டாண்டில் 'வளைவு' என்று சொன்னதும் வலது கை மூடியது. திட்டிக்கொண்டு இடதைப் பிடித்தேன். அடுத்த தடவையும் வலது. பத்தில் நான்கு தடவை தப்பு. மூன்று நாளில் சரியாகிவிடும். பழைய பழக்கம், உள்ளே எங்கேயோ இருக்கும்.

இன்னொரு தொல்லை, வலது கால் பெடலை விட்டு நழுவுகிறது. நழுவுவது தெரிவதில்லை, பார்த்தால் கால் காற்றில் மிதித்துக்கொண்டிருக்கிறது. எட்வின் அண்ணனுக்குப் போன் செய்து க்ளிப் பெடல் கேட்டேன். ஷூவின் அடியில் இரும்புக் கட்டை இருக்கும், பெடலில் மிதித்தால் பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளியே திருகினால்தான் விடும். ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தார். நான் எது கேட்டாலும் இப்போது ஒரு மணி நேரத்தில் வருகிறது.

"எறக்கத்துக்கு யாராவது க்ளிப் போடுவாங்களா? விழுந்தா வண்டியோட சேந்து உருளுவ."

"விழுந்தாத்தானே?"

"சரி, கழட்டிக் காட்டு."

இடதைக் கழற்றினேன். வலது குதிகாலைத் திருகினேன். வரவில்லை. கையால் முழங்காலைப் பிடித்துத் திருகியதும் வந்தது. புது ஷூ, இறுக்கம் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரோஷா, நீ எறங்காத. நான் சொல்லிடறேன். என்ன நடந்துச்சுன்னு, எல்லார்கிட்டயும்."

"எப்ப சொல்லுவீங்க?"

"விழா முடியட்டும்."

"நானும் அப்பத்தாண்ணே சொல்றதா இருக்கேன். சேந்து சொல்லுவோம்" என்றேன். அவருக்கு முகம் சிறுத்துப்போனது. நன்றாக வேண்டும்.

மே 16

வலி: 0.

பெல்ட் போடவில்லை. ஒரு மணி நேரம் மிதித்தேன். இந்த வண்டியின் சீட் ஆரம்பத்தில் கத்தி மாதிரி இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. இன்று முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. சீட்டே இல்லாதது மாதிரி. உட்கார்ந்து உட்கார்ந்து பழகிவிட்டது.

மூத்திரம் மட்டும் சரியாக வருவதில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறேன். பிறகு எப்போது வந்தது என்று தெரியாமல் பாவாடை நனைந்திருக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் சரியாகும். குளிர் வேறு.

பத்தில் மூன்று தப்பு.

மே 17

அம்மா இன்று வேலைக்குப் போகவில்லை. என் பாவாடைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள், எல்லாவற்றையும், நான் கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்ததையும் சேர்த்து.  ஒரு பையில் எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாற்றுத்துணி, ஒரு துண்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்துவைத்தாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸு. அஞ்சரைக்கு."

"பத்தரை பஸ்ஸுல போலாம்மா. ரெண்டு மணிக்குத்தானே?"

"அஞ்சரைக்கு."

"ஒன்பதுக்கு எறங்கி ஒன்பதேகாலுக்குக் கீழ வந்துருவேன். இத விட்டா எனக்கு என்னம்மா இருக்கு? ஒன் ஷெட்டா?"

"ஷெட்டுல உக்காந்தவ யாரும் பீ மூத்திரம் தெரியாமக் கெடக்கல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பம் அக்கா வீட்டு டிவி நின்றுவிட்டது. அம்மா ஷூவைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். "அந்த சாரு வந்து ஒன்னத் தூக்குவானாடி? அன்னைக்கு நாக்காலியில தூக்கினது யாரு? சொல்லு, யாரு?"

கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கற்பூர மரங்களுக்கு மேலே மைக் சோதனை சத்தம். என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். "பத்தரை பஸ்ஸு. சத்தியமா" என்றேன். கீழே பாதை முடிகிற இடத்திலேயே பஸ் ஸ்டாப் இருக்கிறது. அவள் பையோடு அங்கே வந்து நிற்கட்டும். நான் அவள் கண் முன்னாலேயே வந்து இறங்குகிறேன்.

ஷூவைக் கொடுக்கவில்லை. ஆனால் கையிலிருந்து எடுத்தபோது தடுக்கவும் இல்லை.

மே 18

வலி: 0.

மேலே கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். இங்கிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தகரக் கூரை தெரிகிறது, அதற்குக் கீழே அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர். எட்வின் அண்ணன் வரவில்லை. அண்ணிக்கு வலி எடுத்துவிட்டதாம். இருக்கலாம்.

பாதை ஈரமாக இருக்கிறது. பனி இப்போதுதான் விலகுகிறது. நகுல் சார் மைக்கில் பேசுகிறார், துணிச்சல், மலை, பெண்மை என்று என்னென்னவோ. இப்போது என்னை வண்டியில் ஏற்றி இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹேண்டில்பார் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். ஷூ இரண்டும் பூட்டியாயிற்று. வலது காலைக் கையால் தூக்கி வைத்துப் பூட்டினேன், அதனால் என்ன, பூட்டிக்கொண்டது. இனி நழுவாது. கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

பயமில்லை. எங்கேயும் ஒன்றும் வலிக்கவில்லை. கற்பூரமரத்து வளைவுக்கு மேலே ஒரே ஒரு இடம், அங்கே கை சரியாக இருந்தால் போதும். காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பெயரைக் கூப்பிடுகிறார்கள். கைதட்டுகிறார்கள்.

வலது முன், இடது பின். வலது முன், இடது பின். வலது பின், இடது முன்.